அந்தரத்தில் ஒரு கதவு

இந்தக் கதையில் கண்ணைவிடக் காதுக்கு வேலை அதிகம். இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு பழைய மாடிவீடு விலைக்கு வந்தது. இரு பக்கமும் அடுத்த வீடுகளோடு சுவரைப் பகிர்ந்துகொண்டு நிற்கும் வீடு. உரிமையாளர் அதைப் புதுப்பிக்கத் தொடங்கி, பாதியில் மனம் மாறி மகனோடு வெளிநாடு போய்விட்டார். அதனால் கீழ்த்தளத்தில் பளபளவென்று டைல்ஸும் புதுச் சமையலறையும் இருந்தன. மாடியின் முன்பகுதியில் பால்கனியும் பாதிப் பூச்சும் இருந்தன. பின்பகுதியோ வெறும் செங்கல். அதன் பின்சுவரில் தாழிட்ட கதவு ஒன்று. கதவுகளை மட்டும் எங்குமே மாற்றியிருக்கவில்லை. மாடிக்கு ஒரே படிக்கட்டு, அதுவும் கீழ்த்தளக் கூடத்துக்குள்.

இதைச் சேர்ந்து வாங்கி மூன்று குடித்தனமாக்கிக்கொள்ள மூன்று உடன்பிறப்புகள் முன்பணம் கொடுத்தார்கள். மூத்தவர் குஞ்சிதபாதம். அடுத்தவள் அபயாம்பாள், வீட்டிலேயே தையல் மிஷின் ஓட்டுபவள். கடைக்குட்டி கமலவேணி. தரகர் சாவியை மூத்தவர் கையில் கொடுத்தார்.

கமலவேணிக்குச் சந்தோஷத்தில் தரையில் கால் பாவவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் குடியிருந்ததெல்லாம் வீட்டுக்காரர் கூடத்தைக் கடந்து போகவேண்டிய போர்ஷன்களில்தான். பையில் என்ன, வந்தது யார், ஏன் இவ்வளவு நேரம் என்று ஒவ்வொரு முறையும் விசாரணை. யாருக்கும் பதில் சொல்லாமல் நுழைய தனக்கென்று ஒரு வாசல் வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

பங்கு பிரிப்பதற்குப் பழைய வழக்கத்தையே வைத்துக்கொண்டார்கள். மூத்தவர் பிரிக்க வேண்டும். இளையவர் முதலில் எடுக்க வேண்டும். பிரித்தவருக்கு மிஞ்சியதுதான் கிடைக்கும் என்பதால் அவர் சமமாகவே பிரித்தாக வேண்டும். குஞ்சிதபாதம் மூன்றாகப் பிரித்தார்: கீழ்த்தளம், மாடி முன்பகுதி, மாடி பின்பகுதி. பின்பகுதி அறை பெரிது, மொட்டை மாடியும் அதோடு சேர்ந்தது.

எடுக்கும் நாள் வந்தது. தெருக்கதவைத் தள்ளியதும் அது கிறீச்சிட்டது. குஞ்சிதபாதத்துக்குக் கதவு கிறீச்சிட்டால் பல் கூசும். அதற்காகவே சட்டைப்பையில் எண்ணெய்ப் பாட்டிலோடு திரிபவர். எடுத்துக் கவிழ்த்தார். ஒரு சொட்டுகூட விழவில்லை.

"என்னண்ணே, முந்தாநாள்தானே என் மிஷின் எண்ணெயை வழிய வழிய ரொப்பிட்டுப் போனீங்க? குடிச்சுட்டீங்களா?" என்றாள் அபயாம்பாள்.

"நம்ம வீட்டுக் கதவுக்கெல்லாம் போட்டேம்மா. நீ வாயை வெச்சுக்கிட்டு வா."

சமையலறைக் கதவு முனகியது. பால்கனிக் கதவு போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். கமலவேணி பின்பகுதிக்கு ஓடினாள்.

"அண்ணே, இந்தக் கதவு எங்க போகுது?"

"எனக்கென்ன தெரியும்? வாங்கறதுக்கு முன்னாடி பார்க்க வந்தப்ப இங்கெல்லாம் சிமெண்ட் மூட்டையா அடைச்சுக் கிடந்துது, தரகர் அப்புறம்தான் காலி பண்ணினார். நானும் இன்னிக்குத்தான் உள்ள வர்றேன்."

அவள் தாழ்ப்பாளில் கை வைக்குமுன் பால்கனியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "அடியே வேணி, இங்க வாயேன், தெருவே தெரியுது!" அவ்வளவுதான், ஓடிவிட்டாள்.

தேர்ந்தெடுக்கச் சொன்னபோது அவள் யோசிக்கவே இல்லை. "கீழ்வீடு! தெருவாசல் எனக்கு!"

"வாசல் உனக்குத்தான்டி. ஆனா நாங்க ரெண்டு குடும்பமும் தினம் உன் கூடத்தை மிதிச்சுக்கிட்டுத்தான் மாடி ஏறணும்," என்று அபயாம்பாள் சிரித்துவிட்டு பால்கனிப் பகுதியை எடுத்துக்கொண்டாள். கமலவேணிக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்காரியாகியும் நடைபாதையில்தான் குடித்தனம்!

மிஞ்சியது அண்ணனுக்கு. அவர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் பின்பகுதிக்குப் போனார். ஒற்றை விரலால் தாழ்ப்பாளை இழுத்தார். பூனை நடப்பதுபோல் கதவு திறந்தது. வெளியே படி இல்லை, வெறும் ஆகாயம். கீழே ஆட்டோ நுழையும் அகலத்தில் ஒரு சந்து. வாசற்படிக்கு அடியில் சுவரிலிருந்து கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன; படிக்கட்டு எழுப்புவதற்காக விட்ட கம்பிகள்.

"அடடே! பழைய வீட்டுக்காரன் தனி வாசலுக்கு ஏற்பாடு பண்ணிட்டுத்தான் போயிருக்கான்!" என்றார் குஞ்சிதபாதம்.

கமலவேணி ஓடிவந்து கம்பிகளை எட்டிப் பார்த்தாள். "எல்லாக் கதவையும் திறந்து வெச்சுட்டு, நான் மறுபடி எடுக்கணும். அதே வரிசையிலே," என்றாள்.

"நான் பிரிச்சேன், நீங்க எடுத்தீங்க. மிச்சத்துல புதையலே இருந்தாலும் அது என்னுது," என்றார் அண்ணன்.

"சண்டை எதுக்கு? மூணு பேர் பேரையும் எழுதிச் சீட்டு குலுக்கிடலாம்," என்றாள் அக்கா.

மூவரில் யார் சொன்னது சரி? எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள்? சொல்லிவிட்டுக் கீழே படியுங்கள்.

விடை: அண்ணனுக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாதிருந்தால் அவர் சொன்னதுதான் சரி, கசந்தாலும் சரி. ஆனால் அந்த வீட்டில் எல்லாக் கதவும் கத்தியபோது, நெடுநாள் திறக்காத அந்த ஒரு கதவு மட்டும் வாயே திறக்கவில்லை. கமலவேணி தாழ்ப்பாளைத் தடவி விரலை அக்காவின் மூக்கருகே நீட்டினாள். "இது என் மிஷின் எண்ணெய் வாசனை," என்றாள் அபயாம்பாள். சாவி வைத்திருந்தவர் முன்பே வந்து பாட்டில் முழுவதையும் அங்கே கவிழ்த்திருக்கிறார். எடுப்பவருக்குத் தெரியாத ஒன்று பிரிப்பவருக்குத் தெரிந்திருந்தால் அந்த வழக்கத்துக்கு உயிரில்லை. சீட்டு குலுக்குவதும் நியாயமாகாது. ஒளித்தவருக்கும் மற்றவர்களுக்குச் சமமான வாய்ப்பை அது கொடுத்துவிடும். ஆகவே கமலவேணி கேட்டதே சரி. அவள் அந்தரத்துக் கதவை எடுத்தாள். அக்கா பால்கனியை விடவில்லை. சந்திலிருந்து இப்போது கமலவேணிக்குத் தனிப் படிக்கட்டு ஏறுகிறது. தெருக்கதவோடு கூடிய கீழ்வீடு குஞ்சிதபாதத்துக்கு. அபயாம்பாள் குடும்பம் போகும்போதும் வரும்போதும் அது கிறீச்சிடுகிறது. அவர் காலிப் பாட்டிலோடு மாடியேறிப் போய் நின்றால், எண்ணெய் தீர்ந்துவிட்டது என்கிறாள் அபயாம்பாள்.