செதில் காசு

"ஆசானே, மிக்கேல் எனக்க காசை எடுத்தானா, எடுக்கலயா? ஒரு வார்த்தையில சொல்லணும்."

தாணுலிங்கம் வந்ததும் வராததுமாக இப்படிக் கேட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

செல்லக்கண் ஆசான் எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

மருந்துவாழ் மலையின் அடிவாரத்தில் வைத்தியமும் பார்த்துக்கொண்டு, கேட்பவர்களுக்குப் பதிலும் சொல்லி வந்தவர் இந்த ஆசான். வயது முப்பத்திரண்டு. சீடர் தாணுலிங்கத்துக்கு அறுபத்தாறு. முட்டுவலிக்கு எண்ணெய் வாங்க வந்தவர், வலி போன பிறகும் வந்துகொண்டே இருந்தார்.

"செருப்பைக் கழத்திட்டு வாங்க, அண்ணாச்சி."

கழற்றிவிட்டு வந்தார்.

"எந்தக் காசு?"

"செதில்."

தாணுலிங்கம் காசு சேர்ப்பவர். எல்லாக் காசும் இல்லை. ஆகச் சின்னது, ஆக லேசானது மட்டும். பெரிய காசு கிடைத்தால் பஸ்ஸுக்கு வைத்துக்கொள்வார். பழைய ராஜாக்கள் அடித்த பயறு அளவுப் பொன் பணமும் அவரிடம் உண்டு, நம் காலத்து அலுமினிய ஒரு பைசாவும் உண்டு. அத்தனையிலும் சின்னது ஒரு வெள்ளிக் காசு. அரைக் குன்றிமணி எடை. மீன் செதில் போல இருந்ததால் செதில் என்றே பெயர் வைத்து, பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டார். பெற்ற பிள்ளைகள் அதைச் சொல்லிக் காட்டியதும் உண்டு.

"போன மாசம் மிக்கேல் செதிலைப் பாக்க வந்தான். பாத்துக்கிட்டு இருக்கும்போதே செதிலைக் காணல. வீட்டுல வேற ஆளும் இல்ல."

"தேடினீங்களா?"

"தராசுக்கு அடியில பாத்தேன். பாயை உதறிப் பாத்தேன். பெறவு..."

"பெறவு?"

"அவனுக்க சட்டைப்பையைப் பாக்கணும்னு சொல்லிட்டேன்."

ஆசான் எண்ணெயைக் கிண்டிக்கொண்டே இருந்தார்.

"அவரு என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. சட்டையைக் கழத்தி உதறிக் காட்டினான். மடிச்சுத் தோள்ல போட்டான், போயிட்டான். சட்டை போடாமலே தெருவோட போனான் ஆசானே."

மிக்கேலோடு முப்பது வருடப் பழக்கம். எத்தனையோ சந்தைகளில் பழைய காசுக் குவியலுக்கு முன்னால் இருவரும் குந்தி உட்கார்ந்து கிளறியிருக்கிறார்கள்.

"நாளைக்குக் காலை வண்டியில மகன்கூடப் பெங்களூருக்குப் போறான். வீட்டையும் வித்தாச்சு. இனி வரமாட்டான். எடுத்திருந்தான்னா நான் எதுக்கு வழியனுப்பப் போகணும்? எடுக்கலன்னா எந்த மூஞ்சியோட போக?"

"காசுப் பெட்டி கையில இருக்கா?"

இருந்தது. அந்தப் பெட்டி இல்லாமல் அவர் வெளியே கிளம்புவதே அபூர்வம்.

ஆசான் அதிலிருந்து அலுமினிய ஒரு பைசாவை எடுத்தார். தண்ணீர்ச் செம்பில் மெல்ல வைத்தார். காசு மிதந்தது.

தாணுலிங்கத்துக்கு அந்த நேரத்திலும் பெருமை தாங்கவில்லை. "ஒரு கிராம்கூடக் கிடையாது."

"சரி. இந்தப் பெட்டியிலயே ரொம்பக் கனமான காசு எது?"

தாணுலிங்கம் முழித்தார். லேசானது எது என்றால் வரிசையாகச் சொல்லிவிடுவார். கனமானதை யாரும் கேட்டதில்லை. பெட்டியைப் பார்த்தார். செம்பைப் பார்த்தார். ஆசான் சும்மா கேட்பாரா, இதில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்று நினைத்தார்.

"காணாமப் போன காசுதான் ஆசானே." கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"அதெல்லாம் புஸ்தகத்துல வரும். நான் பெட்டியில உள்ளதைக் கேட்டேன்."

இருந்த குழப்பம் இரண்டு மடங்கானது.

"தெரியல ஆசானே."

"எனக்கும் தெரியாது. அன்னைக்கு நடந்ததை அப்படியே செஞ்சு காட்டுங்க."

இது தெரிந்த வேலை. தாணுலிங்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சுட்டுவிரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, தோளில் கிடந்த துண்டால் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டினார். சின்னக் காசுக்காரர்களின் முதல் சட்டம் அது. காசு வெளியே வந்தால் மூச்சு உள்ளே போய்விட வேண்டும். ஃபேன் கூடாது, பேச்சும் கூடாது. செதிலுக்கு அடுத்த சின்னக் காசை ஈர விரலில் ஒட்டி எடுத்து, கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்து, முகத்துக்கு நேரே பிடித்தார்.

"அன்னைக்கும் துண்டு கட்டியிருந்தீங்களா?"

துண்டுக்குள்ளிருந்து "ம்ஹூம்" என்று சத்தம் வந்தது.

"அப்போ அவுத்திருங்க."

அவிழ்த்தார். "மிக்கேல் வந்தா கட்டமாட்டேன். கேலி பண்ணுவான்."

"அன்னைக்குக் கேலி பண்ணினாரா?"

"இல்ல. ஒரு கதை சொன்னான்."

"என்ன கதை?"

தாணுலிங்கம் நகத்தின் மேல் காசோடு யோசித்தார்.

"ராஜா காலத்துல செதில் காசுல சம்பளம் வாங்கின காவக்காரன் ஒருத்தன். சம்பளத்தை உள்ளங்கையில வச்சு, பொத்திப் பொத்தி வீட்டுக்குக் கொண்டு வாறான். பெஞ்சாதிகிட்ட கையை விரிச்சுக் காட்டுறான். காட்டும்போது தும்மல் வந்திருச்சு. அப்போ அவனுக்க பெஞ்சாதி..."

மீதி வரவில்லை. அதற்குள் சிரிப்பு முந்திக்கொண்டது. உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்தார், முடியவில்லை. புர்ரென்று வெடித்துச் சிரித்தார். ஒரு மாதமாகச் சிரிக்காத மனிதர், வயிறு குலுங்கியது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நகத்தைப் பார்த்தார். காசு இல்லை.

"ஆசானே, நீங்க எடுத்தீங்களா?"

ஆசான் எழுந்து நின்றார். சட்டையைக் கழற்றி உதறிக் காட்டினார். மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

தாணுலிங்கம் அந்தத் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். விழுந்த காசைத் தேட வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. அன்றும் இதே கதைக்கு இப்படித்தான் வெடித்துச் சிரித்திருந்தார்.

"வண்டி எத்தனை மணிக்கு, அண்ணாச்சி?"

"ஆறு இருபது."

"காவக்காரனுக்க பெஞ்சாதி என்ன சொன்னா?"

"மறந்து போச்சு ஆசானே."

"எனக்கும் தெரியணும். போய்க் கேட்டுட்டு வாங்க."