வயிற்றில் வைத்த கை

டாக்டர் பொன்னுரங்கம் அரசியலைத் தேடிப் போகவில்லை. காலரா பரவிய வருஷம் வீட்டுக்கே போகாமல் மலையடிவாரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைத்த சனங்கள் அவரைத் தோளில் தூக்கினார்கள். தூக்கியவர்கள் வழியில் எங்கேயும் இறக்கவில்லை, முதல்வர் நாற்காலியில்தான் இறக்கினார்கள்.

அன்று காலை அணைக்கு அடிக்கல் நாட்டப் போய்க்கொண்டிருந்தார். போகிற வழியில், எஸ்தர் டாக்டரம்மா வீட்டுக்குக் காரைத் திருப்பச் சொன்னார். அவருக்கு வைத்தியம் சொல்லிக்கொடுத்தவர் அந்த அம்மாதான். இப்போது வயதாகிக் கட்டிலில் படுத்திருந்தார்.

“வாய்யா முதல்வரே. கழுத்துல மாலை இல்லாம ஆளே தெரியலை.”

“நீங்களுமாம்மா?”

சிரித்தபடியே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சிரிப்பு நிலைக்கவில்லை.

“என்னப்பா, மூஞ்சி பால் குடிக்காத பிள்ளை மாதிரி வாடிக் கிடக்கு?”

“அணை வந்தா கீழ்ப்பள்ளம் முழுகிடும்மா. ஆறு ஊரு. அங்க கூட்டம் போட்டேன். உங்களுக்கு ஒரு குறையும் வராதுன்னு மேடையில சொன்னேன். ஒருத்தர்கூட எதிர்த்துப் பேசலை. கை தட்டினாங்க. ஆனா எனக்குத்தான் தூக்கம் வரலை. நான் செய்யறது சரிதானே?”

“அது கிடக்கட்டும். எனக்கு வயிறு சரியில்லை. கொஞ்சம் பாரு.”

பொன்னுரங்கத்துக்குச் சந்தோஷமாகிவிட்டது. நோயாளியைத் தொட்டு எவ்வளவோ காலம் ஆயிற்று. கும்பிடவும் கையசைக்கவும் மட்டுமே பழகிப்போன கை. சட்டைக் கையை மடித்துவிட்டு உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கினார். அந்தப் பழக்கம் மறக்கவில்லை.

வயிற்றின் இடது பக்கம் அமுக்கினார். வாசலில் நின்ற செயலாளர் போனைத் தூக்கிக் காட்டினார். ‘இதோ வந்துவிட்டேன்’ என்று அவருக்குத் தலையசைத்துக்கொண்டே வலது பக்கம் அமுக்கினார்.

“ஒண்ணும் இல்லைம்மா. நல்லாயிருக்கு.”

“அப்படியா. சந்தோஷம்.”

அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டார். பொன்னுரங்கம் எழுந்தார்.

“ரங்கம்.”

“சொல்லுங்கம்மா.”

“வயித்தை அமுக்கறப்ப கண்ணு எங்க இருக்கணும்?”

“நோயாளி முகத்துல.”

முதல் நாள் பாடம். பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோலச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் வாசலைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் அம்மாவைப் பார்த்தார்.

மறுபடியும் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

இந்தத் தடவை முகத்தை மட்டும் பார்த்தார். கை வலது பக்கம் இறங்கியதும் அம்மாவின் உதடுகள் உள்ளே மடிந்தன. கண்கள் மூடிக்கொண்டன. சத்தம் வரவில்லை. விரலுக்கடியில் காய்ந்த எலுமிச்சை மாதிரி ஒரு கட்டி இருந்தது.

வெளியே ஹாரன் அடித்தது. செயலாளர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

“ஐயா, மேளக்காரங்க வந்து காத்திருக்காங்களாம். கலெக்டரும் வந்துட்டாராம்.”

பொன்னுரங்கம் கையை எடுக்கவில்லை.

“இவ்வளவு வலி இருந்திருக்கே. அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?”

அம்மா மெல்லக் கண்ணைத் திறந்தார்.

“நல்லாயிருக்குன்னு நீயே சொல்லிட்டியேப்பா. அதுக்கப்புறம் யார்கிட்டப் போய்ச் சொல்றது?”