மஞ்சாயியை இழுத்த இரண்டு பேர்

பூவும் பூச்சியும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு மகரந்தத் துகளை ஒரு தேனீதான் இழுக்கலாம் என்று ஒரு முறை இருந்தது. மற்றத் தேனீக்கள் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

பறக்கும்போது காற்றில் உரசி உரசித் தேனீயின் உடம்பில் மின் ஏறும். பூவில் இருக்கிற துகளிடம் அதற்கு எதிரான மின். எதிரும் எதிரும் கண்டால் அப்படி ஒரு பாசம், தொடாமலே இழுத்துக்கொள்ளும்! ஒரே மின் ஏறிய இரண்டு தேனீக்கள் கிட்டே வந்தாலோ ஒன்றையொன்று தள்ளிவிடும்.

ஒரு பூசணிக் கொடியின் ஆண்பூவில் மஞ்சாயி என்ற துகள் இருந்தாள். எதிரே பெண்பூ அவளுக்காகக் காத்திருந்தது. வெயில் ஏறினால் அது வாய் மூடிவிடும்; அதன் அடியில் இருக்கும் பிஞ்சு வெம்பி விழுந்துவிடும். அன்றைக்கென்று பார்த்து ஒரு சிலந்தி, ஆண்பூவின் வாயில் வலை பின்னித் தொலைத்திருந்தது. வலைக்கண் வழியே மஞ்சாயி வெளியே வரலாம், தேனீ உள்ளே போக முடியாது.

முத்தாரி என்ற தேனீ வெளியே நின்று இழுத்தாள். தூரம் கூடினால் இழுப்பு குறையும் அல்லவா? மஞ்சாயி ஆடினாளே தவிர, பூவை விட்டுப் பிரியவில்லை.

“பெரியம்மா, வெயில் வருதே!” என்று அழுதாள்.

முத்தாரியின் தங்கை பேச்சிக்கு மனசு கேட்கவில்லை. “நானும் இழுக்கிறேன் அக்கா.”

“முறை என்னாகிறது?”

“முறை கிடக்கட்டும்! பிள்ளை அழுகிறது, உனக்கு முறைதான் பெரிசா?”

தள்ளுமே என்று பயந்து, அக்கா பூவுக்கு இடப்பக்கமும் தங்கை வலப்பக்கமுமாக விலகி நின்று இழுத்தார்கள். அட கஷ்டமே! ஆளுக்கொரு திசையில் இழுத்ததில், மஞ்சாயி இருந்த இடத்திலேயே இருந்தாள்.

“இப்படி இழுத்தால் நான் எங்கே போறது? சித்தி, பெரியம்மா பக்கத்தில் வாங்க!”

“போனால் தள்ளுவாளே!” என்றாள் பேச்சி.

“தள்ளத்தான் செய்யும். அதுக்காகப் பிள்ளையை விட்டுட முடியுமா? வாடி!” என்றாள் முத்தாரி.

இருவரும் இறக்கை வலிக்க வலிக்க, தள்ளலை எதிர்த்து, வலைக்கு நேர் முன்னால் நெருங்கி வந்தார்கள். நடுவில் ஒரு சின்ன இடைவெளிதான். தங்கை இழுத்ததால் அக்காவின் இழுப்பு துளியும் குறையவில்லை. இரண்டும் முழுசு முழுசாக வந்து சேர்ந்தன. மஞ்சாயி விருட்டென்று கிளம்பினாள்.

“யார்கிட்டடி வர்றே?” என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

“ரெண்டு பேர்கிட்டேயும்தான்!”

சொல்லிக்கொண்டே இருவருக்கும் நடுவே பாய்ந்து, அவர்களுக்குப் பின்னால் வாய் மூடப்போன பெண்பூவின் மடியில் போய் விழுந்தாள். பிஞ்சு பிழைத்தது. தேனீக்கள் இரண்டும் அழுதுகொண்டே சிரித்தன.

அன்று முதல்தான், எத்தனை பேர் இழுத்தாலும் ஒருவர் இழுப்பு இன்னொருவர் இழுப்பைக் குறைப்பதில்லை. துகளும் அத்தனை பேருடைய இழுப்பையும் திசையோடு கூட்டிப் பார்த்துத்தான் புறப்படுகிறது.