இடது பின்கதவுக் கண்ணாடி

“திருடுதவனைக்கூட விட்டுருவேன் தாயே. அதை வாங்குதான் பாருங்க ஒருத்தன், அவனைத்தான் விடக்கூடாது. அவன் வாங்கலைன்னா இவன் எதுக்குக் கழட்டுதான்?”

மடத்துக்குள் வந்து உட்காரும் முன்பே சொரிமுத்து ஆரம்பித்துவிட்டார். கார் ஸ்டாண்டில் அவருக்குப் பக்கத்தில் நிற்கும் அருளப்பனின் வண்டி காணாமல் போயிருந்தது. இந்நேரம் பிரித்து விற்றிருப்பார்கள் என்று போலீசே கையை விரித்துவிட்டது. அன்றிலிருந்து சொரிமுத்துவுக்குத் தூக்கம் இல்லை. அவருக்கும் இருப்பது ஒரே வாடகைக் கார். அது போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

“அந்த வாங்குறவன் கிடைச்சா என்ன செய்வீங்க?” என்று கேட்டார் மடத்தை நடத்தும் அம்மையார். சொரிமுத்துவைவிட வயதில் இளையவர். பேச்சு குறைவு.

“சட்டையைப் பிடிச்சு, பொருளுக்கு உரியவன் வாசலுக்கு இழுத்துட்டுப் போவேன். நீயே அவர் கையில குடுலேன்னு நிப்பேன்.”

அம்மையார் தலையசைத்துவிட்டு விளக்கை ஏற்றினார். தியானம் தொடங்கியது.

சொரிமுத்துவால் கண்ணை மூடி இருக்க முடியவில்லை. வெளியே ஏதோ கதவு சாத்தும் சத்தம் கேட்டது, எழுந்து போய் வாசலில் நின்ற தன் வண்டியைப் பார்த்துவிட்டு வந்தார். நாய் குரைத்தது, மறுபடியும் போனார். கடைசியில் பாதி உடம்பு மடத்துக்கும் பாதி உடம்பு வண்டிக்கும் என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

“எல்லாத்துலயும் நம்பர் வெட்டியாச்சு தாயே” என்றார். கண்ணாடி, விளக்கு, கதவு, சக்கரம் என்று கழற்றக்கூடிய எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. தன் வண்டி எண்ணை அழியாதபடி செதுக்கச் சொல்லியிருந்தார். எண் விழுந்த சாமானை எவனும் தொடமாட்டான் என்று செதுக்கியவர் அடித்துச் சொன்னாராம்.

“பிறகும் ஏன் நெஞ்சு இப்படி அடிச்சுக்குது? இன்னும் எங்கேதான் வெட்டணும்?”

அம்மையார் எழுந்து வெளியே வந்தார். வண்டியைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு எண்ணின் மேலும் விரலை வைத்துப் பார்த்தார். டாக்டர் என்ன சொல்வாரோ என்று நிற்கிற தகப்பன் மாதிரி சொரிமுத்து பின்னாலேயே போனார்.

இடது பின்கதவுக் கண்ணாடியில் விரல் நின்றது. அங்கே மட்டும், எண்ணைச் சுற்றித் தீப்பெட்டி அளவுக்குக் கண்ணாடி மங்கிச் சொரசொரவென்று இருந்தது.

“இது ஏன் இப்படி?”

“அது பழசு தாயே. வண்டியோட வந்த கண்ணாடி போன மழையில உடைஞ்சு போச்சு. மறுநாள் கல்யாண ஓட்டம். பழைய சாமான் கடையில வாங்கி மாட்டினேன்.”

“இந்த இடத்துல முன்னால என்ன இருந்தது?”

சொரிமுத்து சாலையைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

வேறொரு வண்டியின் எண் இருந்தது. அதைக் காட்டித்தான் அவர் விலையைப் பாதியாக இறக்கியிருந்தார். நம்பர் வெட்டின கண்ணாடியை என்னைத் தவிர எவன் வாங்குவான், குறைச்சுப் போடும் என்று கடை வாசலில் நின்று சண்டையே பிடித்திருந்தார். கடைக்காரர் விலையையும் குறைத்து, எண்ணையும் தேய்த்துக் கொடுத்தார்.

“தேய்க்க எவ்வளவு நேரம் ஆச்சு?”

“ஒரு டீ குடிக்கிற நேரம்.” சொல்லிவிட்டு, தன் வண்டியை ஒரு தடவை முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டார்.

“அந்த நம்பர் ஞாபகம் இருக்கா?”

“அதை வெச்சுத்தானே பேரம் பேசினேன். மறக்குமா?”

தெருமுனையில் ஏதோ வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. இந்தத் தடவை அவர் திரும்பவில்லை. கை மட்டும் தன்னையறியாமல் சட்டைக் காலருக்குப் போய் நின்றது.

“அந்தக் கார் இப்போ முழுசா இருக்குமோ இருக்காதோ, தாயே.”

“கண்ணாடி இருக்கு” என்றார் அம்மையார். “ஆளும் கிடைச்சாச்சு. இழுத்துட்டுப் போங்க.”