பாயாசம் வராத பந்தி

அன்று அங்கே இருந்தவர்கள் ஒன்பது பேர். நிரல் எழுதச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் ரெஜினாள். முதலாளி தேவசகாயம். கணக்கு எழுதும் லீலாபாய். சோதனைப் பிரிவில் மூன்று பேர். அவர்களில் பந்தியின் கோடியில் உட்காருகிறவர் ஜெரின். சென்னையிலிருந்து வந்திருந்த வாடிக்கையாளர் வரதராஜுலு. சமையல் வேலப்பன். ஒன்பதாவது ஆள் செண்பகராமன்.

இடம், நாகர்கோவிலில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் ஆபீஸ்.

செண்பகராமனுக்கு வயது ஐம்பத்தொன்று. டீச்சருக்கு முப்பத்துமூன்று. யார் யாருக்குப் பாடம் சொல்வது என்பதில் இருவருக்கும் சந்தேகமே வந்ததில்லை.

காலையில் அவர் டீச்சர் முன்னால் வந்து நின்றார்.

"ஒண்ணு, காத்துக்கிடந்து சாகுது. இல்லைன்னா கவுந்து சாகுது. நான் என்ன செய்யட்டும் டீச்சர்?"

விஷயம் இதுதான். ஒரு பெரிய கணினிக்குள் சின்னக் கணினி ஒன்று ஓடும். தனக்கென்று ஒரு டிஸ்க் இருப்பதாக அது நம்பிக்கொண்டிருக்கும். அந்த டிஸ்க் இருப்பதென்னவோ வெளியே, பெரிய கணினிக்காரர் கையில். உள்ளே ஓடும் நிரல்கள் கேட்பதை வெளியே சொல்லி, வருவதை வாங்கிக் கொடுக்க நடுவில் ஒரு நிரல் உண்டு. டிரைவர் என்பார்கள். செண்பகராமன் எழுதிக்கொண்டிருந்தது அதைத்தான்.

டிஸ்க் இருக்கும்வரை நன்றாக ஓடியது. வெளியே இருப்பவர் சொல்லாமல் கொள்ளாமல் அதை எடுத்துவிட்டால் போச்சு. முதலில் எழுதியது, டிஸ்க் திரும்பி வரும் வரும் என்று காத்தே கிடந்து கணினியை உறைய வைத்தது. அடுத்து எழுதியது, அந்த நொடியே எல்லாவற்றையும் கலைத்துப் போட்டுக் கணினியைக் கவிழ்த்தது.

நாலு மணிக்கு வரதராஜுலு தன் கையாலேயே டிஸ்கை எடுத்துப் பார்ப்பார். இன்றும் தவறினால் வேலை வேறு கம்பெனிக்குப் போகும். செண்பகராமனுக்கு இங்கே வேலை இராது. தேவசகாயம் அதை வருத்தத்தோடுதான் சொல்லியிருந்தார். ஆனாலும் சொல்லியிருந்தார்.

டீச்சர் கேட்டுக்கொண்டார். திரையைப் பார்க்கவில்லை.

"அண்ணாச்சி, இன்னைக்கு நீங்க பரிமாறுங்க."

சனிக்கிழமை அங்கே இலைச் சாப்பாடு. சமையல் நடப்பது சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த வீட்டில். நடுவே ஒரு சின்ன ஜன்னல். காலி வாளியை உள்ளே நீட்டினால் நிறைந்து வரும். உள்ளே என்ன நடக்கிறது என்பது பரிமாறுகிறவருக்குத் தெரியாது.

எட்டு இலை நறுக்கியிருந்தார்கள். ஏழு விரித்தாயிற்று. ஒன்று பரிமாறுகிறவருக்கு.

உட்காரும் முன் டீச்சர் ஜன்னலுக்குள் தலையை நீட்டி ஏதோ சொன்னார். உள்ளே வேலப்பன் சிரித்தது கேட்டது.

பருப்பு வந்தது. சாம்பார் வந்தது. அதன்பின் ஐந்து பேர் பாயாசம் கேட்டார்கள். டீச்சர் ரசம் கேட்டார். ஜெரின் எதுவும் கேட்கவில்லை. அவருக்குத் திங்கள்கிழமைதான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தது; சாம்பார் சோறே பாதி கிடந்தது.

செண்பகராமன் வாளியை நீட்டினார். வாளி உள்ளே போயிற்று. ஜன்னல் சாத்திக்கொண்டது. ஒரு ஸ்கூட்டர் கிளம்பித் தெருமுனையில் தேய்ந்தது.

அவர் ஜன்னலைத் தட்டினார். வந்துவிடுவார் என்று நின்றார். இன்னும் நின்றார்.

பந்தியில் எல்லோரும் முடிக்காமல் ஒருவர் எழுந்திருப்பது அங்கே வழக்கமில்லை. விரல்களில் பருப்பு காய்ந்தது. முதலாளி இலையில் கோலம் போட்டார்.

"பாயாசத்துக்கு இனிதான் நெல்லு விதைக்கணுமோ?" என்றார் லீலாபாய்.

செண்பகராமனுக்கு முகம் சுட்டது. சாப்பாடு முடிந்தது என்று முணுமுணுத்தபடி கோடிக்குப் போய் அவசரமாக இலையை எடுத்தார். அது ஜெரின் இலை. சாம்பார் மடியில் இறங்கியது.

டீச்சர் சிரித்துவிட்டார்.

"அண்ணாச்சி, அவரு இன்னும் கை எடுக்கலியே."

இலை நுனியைப் பிடித்தபடி செண்பகராமன் நின்றார். காலையில் சொன்ன இரண்டையும் ஒரே பந்தியில் செய்தாயிற்று.

இலையை மெதுவாகத் திரும்ப வைத்தார். ஜெரினுக்குத் துண்டு கொடுத்தார். பிறகு முதல் இலைக்குப் போய்க் குனிந்தார். அது வரதராஜுலுவின் இலை.

"பாயாசம் இல்லை. வேலப்பன் போயிட்டார். இனி வராது."

வரதராஜுலு சரி என்று தலையாட்டி இலையை மடித்தார்.

அடுத்த இலைக்கும் அதையே சொன்னார். அதற்கடுத்ததற்கும். இதைச் சொல்லவா இவ்வளவு நேரம் என்று முதலாளி கேட்டார். அப்படியானால் மோராவது விடும் என்றார் லீலாபாய். செண்பகராமன் ஜன்னல் பக்கம் திரும்பவேயில்லை. அதுவும் இல்லை என்று அங்கேயே சொன்னார்.

டீச்சரிடம் ரசம் இல்லை என்றார். டீச்சரும் இலையை மடித்தார்.

ஆறு இலை மடிந்தது.

செண்பகராமன் ஜெரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஜெரின் ஒரு பக்கக் கன்னத்தால் மென்றார். நேரமாகிறதே என்று சங்கடப்பட்டார். அவசரமில்லை என்று சொல்லிவிட்டு செண்பகராமன் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழாவது இலையும் மடிந்தது. பந்தி எழுந்தது. அதற்குப் பிறகே அவர் இலைகளை எடுத்தார், பாயைச் சுருட்டினார்.

தன் இலையை விரிக்கவில்லை. நேரே நாற்காலிக்குப் போய் டிரைவரைத் திருத்தி எழுத உட்கார்ந்தார்.

நாலு மணி.

வரதராஜுலு டிஸ்கை எடுத்தார்.

உள்ளே அதைப் பிடித்துக்கொண்டிருந்த நிரல்கள் நாற்பத்தொன்று. ஒவ்வொன்றுக்கும் இல்லை என்ற பதில் போயிற்று. ஒவ்வொன்றாகக் கையை விட்டன. திரையில் எண் இறங்கியது. புதிதாகக் கேட்டு வந்தவை வாசலிலேயே பதில் வாங்கித் திரும்பின.

ஐந்து. மூன்று. ஒன்று.

ஒன்றிலேயே நின்றது.

தேவசகாயம் கண்ணை மூடிக்கொண்டார். மறுபடியும் உறைந்துவிட்டதா என்று கேட்டபடி, கணினியை அணைப்பதற்கு வரதராஜுலு கையை நீட்டினார்.

"இருங்க," என்றார் செண்பகராமன். "அவரு இன்னும் கை எடுக்கலை."

எல்லோரும் இருந்தார்கள்.

திரையில் பூஜ்ஜியம் வந்தது. கணினி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்கூட்டர் வந்து நின்றது. ஜன்னல் திறந்தது. வாளி நீண்டது.

டீச்சர் தரையில் இலையை விரித்துத் தண்ணீர் தெளித்தார்.

"உட்காருங்க அண்ணாச்சி."

பாயாசம் ஒன்பது பேருக்கும் இருந்தது. இலைதான் ஒன்றே ஒன்று.