மரத்தோடு வந்த மாப்பிள்ளை

ஈச்சங்குட்டையில் அறிவுக்குப் பஞ்சமே கிடையாது. யாரும் செலவழிக்காததால் அப்படியே மிச்சம் இருந்தது.

அங்கே மாப்பிள்ளை தன் கையால் பறித்த தேங்காயோடுதான் மணவறைக்குப் போக வேண்டும். பத்தரை மணிக்கு முகூர்த்தம். எட்டு மணிக்குச் சோலைமணி பட்டுவேட்டியும் மாலையுமாகத் தென்னையில் ஏறினான். தேங்காயும் பறித்தான். இறங்கத்தான் இல்லை.

"இறங்குடா மாப்ளே!" என்றான் தோழன் கொண்டையன்.

"ஏறத்தான்டா சொன்னாங்க. இறங்குறது எப்படின்னு யாரும் சொல்லலையே!"

பத்தரையைத் தவறவிட்டால் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிடுவதாகப் பெண்ணின் அப்பா முன்பே சொல்லியிருந்தார்.

அந்த வழியே அறிவியல் டீச்சர் பங்கஜவல்லி வந்தாள். "குதிச்சிடாதேப்பா! விழ விழ ஒவ்வொரு வினாடிக்கும் வேகம் கூடிக்கிட்டே போகும். விழுறப்போ வலிக்காது, தரையில மோதுறப்போதான் எலும்பு முறியும். இருங்க, ஏணி கொண்டு வர்றேன்" என்று ஓடினாள்.

தோழர்கள் கூடி யோசித்தார்கள்.

"முதல் வினாடியில வேகம் கம்மி. அதனால ஒரு வினாடி விழுந்துட்டு நின்னுடணும். இளைப்பாறிட்டு மறுபடியும் முதல் வினாடியிலேருந்து விழணும்" என்றான் ஒச்சப்பன்.

முதலில் மேலிருந்து ஒரு தேங்காயைப் போடச் சொல்லிப் பார்த்தார்கள். "நில்லு! நில்லு!" என்று எல்லாரும் கத்தினார்கள். அது ஒச்சப்பனின் காலில்தான் நின்றது.

"தேங்காய்க்கு ஏதுடா படிப்பு?" என்றான் அவன், நொண்டிக்கொண்டே.

"தரைதானே எலும்பை முறிக்குது? தரையை எடுத்துட்டா?" என்றான் கொண்டையன்.

அப்பேர்ப்பட்ட யோசனையை மறுக்க அந்த ஊரில் ஆள் ஏது? மரத்தடியில் மண்வெட்டிகள் இறங்கின. வேர்கள் ஒவ்வொன்றாக அறுந்தன. தென்னை மெல்லச் சாய்ந்து, பக்கத்துச் சேற்று வயலில் மாப்பிள்ளையோடு படுத்தது. ஒரு கீறல்கூட இல்லை.

"இறங்கிட்டியாடா?"

"எங்கடா இறங்கினேன்? இன்னும் மரத்துலதானே இருக்கேன்!" மரத்தை இன்னும் இறுகக் கட்டிக்கொண்டான்.

அதுவும் நியாயம்தான். இருபது பேர் மரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு, மேளம் முன்னே போக, பெண் வீட்டுக்கு நடந்தார்கள். ஏணியோடு திரும்பிய டீச்சர் வெறும் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

படுத்துக் கிடக்கும் மரத்திலிருந்து எப்படி இறங்குவது? அதனால் பெண் வீட்டு வாசலில் குழி வெட்டி, மரத்தை நிமிர்த்தி நட்டார்கள். உச்சியில் மாப்பிள்ளை.

"இப்ப இறங்குடா!"

"இறங்கத் தெரிஞ்சா அங்கேயே இறங்கியிருக்க மாட்டேனா?"

மணி பத்து இருபத்தொன்பது. "மாலையையாவது போடுங்க மாப்பிள்ளே!" என்று கீழிருந்து அலறினார் பெண்ணின் அப்பா.

சோலைமணி கழுத்து மாலையைக் கழற்றிப் பெண்ணைக் குறிபார்த்துப் போட்டான். அந்தக் கூட்டத்தில் அவள் மட்டும் கொஞ்சம் படித்தவள். நிமிர்ந்து பார்த்தாள். ஓர் அடி விலகிக்கொண்டாள்.

மாலை, பக்கத்தில் நின்ற அவளுடைய அப்பாவின் கழுத்தில் கச்சிதமாக விழுந்தது.

முகூர்த்தம் தப்பக் கூடாதே! கெட்டிமேளம் முழங்கியது. ஊரே அட்சதை போட்டது. மாமனார் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.