பலகையில் இல்லாத சாவு

குரு நாச்சியம்மையும் அவருடைய சீடர்கள் ஒன்பது பேரும் கடலோரமாக நடைப்பயணம் போய்க்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் காலை, மூடிப்போன பழைய ரசாயன ஆலை ஒன்று எதிர்ப்பட்டது. புகைபோக்கி பாதி இடிந்து நின்றது. கப்பலுக்குச் சரக்கு ஏற்றிய பாலத்தில் துருப்பிடித்த தூண்கள்தான் மிச்சம்.

சீடர்களில் மூத்தவர் தீர்த்தாரப்பன். குருவைவிட இருபது வயது பெரியவர். அந்த ஆலையில் தலைமைப் பொறியாளராக இருந்தவர். மதிலைக் கண்டதுமே அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“இருபத்தாறு வருஷம் ஓட்டினேன். உள்ளே ஒரு சாவு கிடையாது. வாசலில் பலகையே எழுதி வைத்திருந்தோம்” என்று உடன் வந்தவர்களிடம் சொன்னார்.

மதிலோரம் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள்.

“எங்க வீட்டுக்காரரு இங்கதான் சார் செத்தாரு.”

“இங்கேயா? அப்படி எதுவும் பதிவில் இல்லையேம்மா!”

“எப்படி இருக்கும்? காண்ட்ராக்ட் ஆளு. தொட்டி கழுவ இறங்கினவருக்கு மூச்சு நின்னுபோச்சு. மதிலுக்கு மேல தூக்கி இந்தப் பக்கம் மணல்ல போட்டாங்க. கடல்ல முங்கிச் செத்தான்னு சொல்லணும்லா? பக்கெட்டுல கடத்தண்ணி மொண்டாந்து மேல ஊத்துனாங்க. சோறு கொண்டாந்த நான், தூக்குவாளியோட பாத்துக்கிட்டு நின்னேன்.”



 தீர்த்தாரப்பன் மணலில் உட்கார்ந்தார். எந்த மணல் என்று உறைத்ததும் பதறி எழுந்தார்.

மதிலுக்கு வெளியே ஒருவன் முங்கிச் செத்துக் கிடக்கிறான் என்று அன்று யாரோ வந்து சொன்னது நினைவுக்கு வந்தது. நல்லவேளை, உள்ளே இல்லை என்று தான் நிம்மதியடைந்ததும் நினைவுக்கு வந்தது.

திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்தார். முன்னால் போய்க்கொண்டிருந்த குருவை எட்டிப் பிடித்தார். மூச்சு வாங்க, அந்தப் பெண் சொன்னதைச் சொன்னார்.

“எனக்குத் தெரியாது அம்மா. சத்தியமாகத் தெரியாது. தெரியாமல் இருந்தது பாவமா?”

குரு நின்றார்.

“இறந்தவர் பெயர் என்ன?”

 

“தெரியாது.”

“அந்த அம்மாள் இன்னும் அங்கேதான் நிற்கிறாள்” என்றார் குரு.